தொலைவு வேறு, தனிமை வேறு

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலைப் பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பெங்களூருவில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றின் சோதனைப் பிரிவில் பணியாற்றுகிறார். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது மடிக்கணினியுடன் லாஸ்பேட்டைக்குத் திரும்பியவர், அன்றுமுதல் வீட்டிலிருந்தே பணிபுரிந்து வருகிறார். இப்போது நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அடுத்த காலாண்டிலிருந்து வாரத்தில் ஐந்து நாள்களும் அலுவலகம் வந்தாக வேண்டும். இயலாதவர்கள் தங்கள் முடிவைத் தெரிவிக்கலாம் என்கிறது அது. பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் மாமனார், ஏழாம் வகுப்பில் மகன், புதுச்சேரி அரசுப் பணியில் கணவர். முடிவு எதுவாக இருக்கும் என்பதை அவரும் அறிவார், நிறுவனமும் அறியும்.

அவர் அனுதாபம் தேடி வரவில்லை. "இத்தனை ஆண்டுகள் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது, சார். குறை என்று ஒரு கடிதம்கூட வந்ததில்லை. இனிமேல் மட்டும் நடக்காது என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. கணக்கு இரு பக்கமும் இருக்கிறது என்பதுதான் காரணம்.

நிறுவனங்களே ஒருகாலத்தில் வேறு கணக்குச் சொன்னவைதாம். 2020 ஏப்ரலில் டி.சி.எஸ். நிறுவனம், 2025ஆம் ஆண்டுக்குள் தன் பணியாளர்களில் 25 விழுக்காட்டினர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வீட்டிலிருந்து பணிபுரிவதற்குத் தடையாக இருந்த வங்கி உத்தரவாதம் உள்ளிட்ட பழைய விதிகளைத் தளர்த்தியது. புதுச்சேரி போன்ற ஊர்களில் பிள்ளைகளைப் பெருநகரங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த பெற்றோருக்கு அது நற்செய்தியாக ஒலித்தது. ஆனால், 2023 அக்டோபரில் அதே டி.சி.எஸ். பணியாளர்களை ஐந்து நாள்களும் அலுவலகத்துக்கு அழைத்தது. பிற நிறுவனங்களும் வெவ்வேறு வேகத்தில் அதே திசையில் நடந்தன.

இந்த மனமாற்றத்துக்கு மேலாளர்களின் அதிகார ஆசைதான் காரணம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஓரளவு உண்மையும்கூட. ஆனால், ஆய்வுகள் சொல்வதையும் பார்க்க வேண்டும்.

சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் ஒன்பது மாதங்கள் ஒரு சோதனை நடத்தினர். விருப்பம் தெரிவித்த அழைப்பு மையப் பணியாளர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக உள்ளவர்கள் வீட்டுக்கும், ஒற்றைப்படையாக உள்ளவர்கள் அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டனர். வீட்டிலிருந்தவர்களின் பணித்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. 2015இல் வெளியான இந்த ஆய்வைத்தான் வீட்டுப் பணியின் ஆதரவாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர்.

மறுபக்கம், நமக்கு மிக அருகில் சென்னையில் நடந்த ஆய்வு. டேவிட் அட்கின், ஆன்டோனெட் ஷோர் உள்ளிட்டோர் தரவுப் பதிவுப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை வீட்டிலும் மறுபகுதியினரை அலுவலகத்திலும் பணிபுரியச் செய்தனர். 2023இல் வெளியான முடிவு: வீட்டில் பணிபுரிந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 விழுக்காடு குறைவு. அந்தக் குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் நாளிலேயே தென்பட்டது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் விரைவாகக் கற்றுக்கொண்டதால் பின்னர் ஏற்பட்ட இடைவெளி.

இந்த ஆய்வின் அடுத்த கட்டம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வீட்டிலிருந்து பணிபுரிய விரும்பியவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிடத் திறமையானவர்கள். 12 விழுக்காடு விரைவாக வேலை செய்பவர்கள். ஆனால், வீட்டுக்குச் சென்றதும் அதிகமாகப் பின்தங்கியவர்களும் அவர்கள்தாம். அலுவலகத்தை விரும்பியவர்கள் வீட்டில் 13 விழுக்காடு பின்தங்க, வீட்டை விரும்பியவர்கள் 27 விழுக்காடு பின்தங்கினர். முரணாகத் தோன்றும் இந்த முடிவுக்கான விளக்கத்தின் ஒரு பகுதி எளிமையானது. குழந்தைகளையோ முதியவர்களையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் வறிய குடும்பத்தினருமே வீட்டு வேலையை நாடுகின்றனர். எந்தச் சுமை அவர்களை வீட்டில் இருத்துகிறதோ, அதே சுமைதான் அவர்கள் வேலையையும் இடைமறிக்கிறது.

சீனத்தில் உயர்ந்தது, சென்னையில் ஏன் தாழ்ந்தது? வேலையின் இயல்பு, ஆய்வு நடந்த காலம் எனப் பல வேறுபாடுகள் உண்டு. ஆனால், என் கண்ணில் பட்டது ஒரு நிபந்தனை. சிட்ரிப் சோதனையில் சேர விரும்பியவர்களுக்கு வீட்டில் தனி அறையும் அகலக்கற்றை இணைப்பும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அறை இல்லாதவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். நம் ஊரில் அந்த விதியை வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள்? முத்தியால்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ இரண்டு அறை வீட்டில், மின்விசிறியின் கீழ் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குக்கர் விசிலுக்கு நடுவே ஒலிவாங்கியை அணைத்தும் திறந்தும் பேசும் பொறியாளரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அலுவலக வாடகை, மின்சாரம், குளிர்சாதனம், நாற்காலி ஆகிய எல்லாச் செலவுகளும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து குடும்பத்தின் கணக்குக்கு மாறின. செலவை வாங்கிக்கொண்ட குடும்பத்துக்கு ஈடு எதுவும் வரவில்லை. பிறகு உற்பத்தித்திறன் குறைந்துவிட்டது என்று அதே குடும்பத்திடம் விளக்கம் கேட்கப்படுகிறது.

நேரத்தின் கணக்கும் இப்படித்தான். ஆசியாவின் பெரிய தகவல்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் 10,000க்கும் மேற்பட்ட பணியாளர்களின் தரவுகளை மைக்கேல் கிப்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். பொதுமுடக்கத்தில் வீட்டுக்குச் சென்றபின் பணிநேரம் கூடியது, விளைவு கூடவில்லை, சற்றுக் குறையவே செய்தது. உற்பத்தித்திறன் 8 முதல் 19 விழுக்காடு வரை வீழ்ந்தது. அந்தக் கூடுதல் நேரம் எங்கே போயிற்று? கூட்டங்களுக்கு. இடையீடின்றி ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும் நேரம் சுருங்கியது. மேலாளரிடம் தனியாகப் பேசி வழிகாட்டுதல் பெறும் நேரமும் சுருங்கியது. என் மாணவி சொன்னதும் ஏறக்குறைய இதுவே. இரவு பதினொரு மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளருடன் கூட்டம். காலை ஒன்பது மணிக்குத் திரையில் பச்சைப் புள்ளி எரிய வேண்டும். சுட்டி பத்து நிமிடம் அசையாவிட்டால் ஒரு மென்பொருள் அதைக் குறித்துக்கொள்ளும்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊரின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சுக் காவல்படையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அந்தப் போராட்டத்தின் பயனாக எட்டு மணி நேர வேலைநாள் இந்த மண்ணில் சட்டமாயிற்று. ஆண்டுதோறும் நாம் அஞ்சலி செலுத்துகிறோம். ஆனால், அதே ஊரில் ஒரு பெண் தன் வீட்டுக் கூடத்தில் பதினான்கு மணி நேரம் பணியின் பிடியில் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆலைக்குச் சங்கு இருந்தது, வீட்டுக்கு இல்லை. பிரான்ஸ் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள், பணிநேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்துப் பணியாளர்களுடன் பேசி வரையறை செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவிட்டது. இங்கே அந்தப் பேச்சு தனிநபர் மசோதா என்ற அளவைத் தாண்டவில்லை.

அப்படியானால் நிறுவனங்கள் திரும்ப அழைப்பது சரிதானா? இங்கேதான் ஒரு குழப்பம் நிகழ்கிறது. சென்னை ஆய்வு வீட்டையும் அலுவலகத்தையும் ஒப்பிட்டது; இரண்டும் ஒரே நகரத்தில்தான் இருந்தன. தனியாக உட்கார்ந்து வேலை செய்வதால் என்ன இழப்பு என்பதை அது சொல்கிறது. தலைமையகத்திலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளியிருப்பதால் என்ன இழப்பு என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. தொலைவு வேறு, தனிமை வேறு. நம் விவாதங்களில் இவ்விரண்டும் ஒரே சொல்லாகிவிட்டன.

தொலைவிலிருந்து ஒரு நிர்வாகத்தை நடத்துவது புதுச்சேரிக்குப் புதிதன்று. இந்த ஊரே அப்படி நடத்தப்பட்டதுதான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் பாரீசில் இருந்தனர். கடிதம் கப்பலேறிச் சென்று மறுமொழி கைக்கு வர ஓராண்டுக்கு மேலாகும். 1746 செப்டம்பரில் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் வசமானபோது, கடற்படையுடன் வந்த லா பூர்தொனே ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக உடன்பட்டார். இங்கிருந்த ஆளுநர் தியூப்ளே அதை ஏற்கவில்லை. இருவரும் தனக்கே அதிகாரம் என்றனர். இருவரிடமும் அதற்கு ஆதாரம் இருந்தது. புயலில் கப்பல்கள் சேதமுற்று லா பூர்தொனே கிளம்பிச் சென்றார். பிரான்சில் பஸ்தீய் சிறைக்குப் போனார். தியூப்ளே உடன்பாட்டை மீறி வைத்துக்கொண்ட நகரமோ 1748 உடன்படிக்கையின்படி ஆங்கிலேயருக்கே திரும்பியது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுபவர்கள் அந்த நாள்களின் பரபரப்பைக் காணலாம். பின்னாளில் தியூப்ளே தம் போர்களின் தோல்விகளையும் செலவுகளையும் பாரீசுக்கு முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1754இல் கொதெயு என்பவரை அனுப்பி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டனர்.

கடிதம் மெதுவாகச் சென்றது ஓர் இடர்தான். ஆனால், அதைவிடப் பெரிய இடர், எதை யார் முடிவு செய்யலாம் என்பது எழுதப்படாமல் இருந்தது. இன்று கடிதம் ஒரு நொடியில் சென்றுவிடுகிறது. எழுதப்படாமை மட்டும் அப்படியே இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள் குழுக்களில் முடிவுகள் தேநீர் இடைவேளையிலும் நடைக்கூடத்திலும் வாய்மொழியாக எடுக்கப்படுகின்றன. தொலைவில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. தெரியாததால் அவர் தவறு செய்கிறார். தவறு நேர்வதால் கூட்டங்கள் பெருகுகின்றன. அலுவலகமே இல்லாமல் இயங்கும் கிட்லேப் போன்ற நிறுவனங்கள், தம் பணிமுறை முழுவதையும் கையேடாக எழுதி எவரும் படிக்கும்படி வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

ஊதியமே இல்லாமல் இதைச் செய்து காட்டிய தமிழர்களும் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தை வழிநடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர். தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் பல நாடுகளில் சிதறியிருந்தனர். பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதேயில்லை. தமிழ் எழுத்துருக்களில் ஒருமைப்பாடு இல்லாத காலம் அது. ஆனாலும் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை நூல்கள் மின்வடிவம் பெற்றன. அங்கே பச்சைப் புள்ளி இல்லை. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற பெயர்கள் இருந்தன; இன்றும் இருக்கின்றன. ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்ப்பார், இருவர் பெயரும் நிற்கும் என்ற ஏற்பாடு, சுட்டியின் அசைவை எண்ணும் மென்பொருளைவிடச் சிறந்த கண்காணிப்பு. தன்னார்வலர்களுக்குப் பொருந்துவது சம்பளக்காரர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதுரைத் திட்டத்துக்குக் காலாண்டுக் கெடு கிடையாது. ஆனால், என்ன செய்தார் என்பதை அளக்கத் தெரியாத நிறுவனம்தான், எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை அளக்கிறது.

கற்பித்தல் மட்டும் இதில் தீராத சிக்கல். அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர்களைப் பற்றி எமானுவேல், ஹாரிங்டன், பலாய்ஸ் ஆகிய மூவர் செய்த ஆய்வில், ஒரே கட்டடத்தில் அமர்ந்த குழுவினரிடையே நிரல்மீதான திருத்தக் குறிப்புகள் அதிகம். இளையவர்களே அதனால் அதிகம் பயனடைந்தனர். மூத்தவர்களுக்கோ தொலைவில் இருப்பது வசதி. கற்றுக்கொடுக்கும் நேரம் மிச்சமாகிறது. நாற்பது வயது மேலாளர் வீட்டுப் பணியைப் போற்றுவதையும், இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி அதில் தேங்கிப்போவதையும் ஒரே குடும்பத்தில் பார்த்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவன் கேட்கும் கேள்வியைவிட, கேட்கத் தயங்கும் கேள்விதான் முக்கியம். அது முகத்தில் தெரியும், திரையில் தெரிவதில்லை.

தொலைவையும் தனிமையையும் பிரித்துப் பார்த்த எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே இருக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால், அங்கே பணிபுரிபவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவில்லை. சக பொறியாளர்களுடன் ஒரே கூரையின் கீழ் அமர்கின்றனர். 2005 முதல் அந்நிறுவனம் பள்ளிப்படிப்பை முடித்தவர்களைத் தானே பயிற்றுவித்தும் வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, தென்காசிக்கு உதிரி வேலைகள் மட்டும் அனுப்பப்படவில்லை என்பது. வாடிக்கையாளர் சேவைக்கான ஒரு முழு மென்பொருளை உருவாக்கும் பொறுப்பே அந்தக் குழுவிடம் தரப்பட்டது. முடிவெடுக்கும் அதிகாரமும் பணியோடு சேர்ந்து பயணம் செய்தது. தியூப்ளே காலத்தில் நடக்காமல் போனது அதுதான். உரிமையாளரின் தனி விருப்பத்தால் நடந்த ஒன்றை எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் என்று நான் நம்பவில்லை. பங்குச்சந்தைக்குக் காலாண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டாத நிறுவனத்துக்கு இந்தப் பொறுமை எளிது.

தனி நிறுவனம் செய்யாததை அரசு செய்யலாம். தமிழக அரசு 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த திருச்சிற்றம்பலத்தில் சிறிய டைடல் பூங்காவைத் திறந்தது. புதுச்சேரியிலிருந்து அரை மணி நேரப் பயணம். நம் எல்லைக்கு அப்பால் நம் பிள்ளைகளுக்காகவே கட்டியதுபோல் நிற்கிறது அது. நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், காரைக்காலில் என்.ஐ.டி. என்று படிக்க வைப்பதற்கு எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டு அறிவியல் இதழ்களின் கையெழுத்துப் படிகளைத் திருத்தி வடிவமைத்து அனுப்பும் பதிப்புச் சேவை நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இங்கு இயங்கி வருவதால், தொலைவில் உள்ளவருக்கு வேலை செய்யும் பழக்கமும் இருக்கிறது. 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையின் கட்டடங்களும் நிலமும் நகரின் நடுவே இருக்கின்றன. அங்கே ஒரு பகுதியில், தடையற்ற மின்சாரமும் இணையமும் குழந்தைகள் காப்பகமும் கொண்ட பொதுப் பணியிடம் அமைப்பதற்குப் பெரும் முதலீடு வேண்டியதில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் பணியாளர்கள் அங்கே வந்து அமரலாம்; மேசைக்கான வாடகையை அந்தந்த நிறுவனம் செலுத்தலாம். பெங்களூருவில் ஓர் இருக்கைக்குச் செலவிடுவதைவிட அது குறைவாகவே இருக்கும். சுற்றுலாவையும் மதுவையும் நம்பி வருவாய் ஈட்டும் ஒன்றியப் பிரதேசத்துக்கு, மாதச் சம்பளத்தை இங்கேயே செலவிடும் சில ஆயிரம் குடும்பங்கள் தங்குவதன் பொருள் என்ன என்பதை நிதித்துறை கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

ஓர் அச்சமும் எனக்கு உண்டு. ஊருக்கு அருகில் வேலை என்றதும், ஊர்ச் சம்பளம் போதும் என்று நிறுவனங்கள் பேரம் பேசத் தொடங்கும். குடும்பச் சுமையுள்ள பெண்களிடம்தான் அந்தப் பேரம் முதலில் படியும். வாடகை மிச்சமாவது நிறுவனத்துக்கு, சம்பளம் குறைவது பணியாளருக்கு என்றானால், பழைய அநீதி புதிய கட்டடத்தில் தொடரும்.

மாணவியிடம் அன்று கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்கள் குழுவில் மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்?" இருவர் கோவையில், ஒருவர் புணேயில், மேலாளர் ஹைதராபாதில் என்றார். அவரவர் அருகில் உள்ள கிளைக்கு வர வேண்டும் என்பதுதான் ஆணை. ஆக, குடும்பத்தை விட்டு அவர் பெங்களூரு சென்று அமர்ந்தாலும், செவியில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அதே நால்வருடன் அதே திரை வழியாகத்தான் பேசப்போகிறார்.

அவரை ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். மாதத்தில் ஒரு வாரம் குழு முழுவதும் ஓர் ஊரில் கூடுவது. மற்ற நாள்களில் புதுச்சேரியில் வாடகைக்கு எடுத்த பணியிடத்திலிருந்து வேலை. அதன் செலவில் பாதியைத் தானே ஏற்பது. புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி தரும் பொறுப்பையும் எடுத்துக்கொள்வது. மூன்று மாதங்களுக்கு மட்டும் சோதித்துப் பாருங்கள், கணக்கைப் பிறகு பேசுவோம் என்று எழுதினார். அனுப்பி பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. பரிசீலனையில் உள்ளது என்று தானியங்கிப் பதில் ஒன்று மட்டும் வந்திருக்கிறது.